ஆக்சிஜன் கறைநீக்கும் பொடி: துணி முதல் டைல்ஸ் இடுக்கு வரை பயன்படுத்தும் முறை

கறைநீக்கும் பொடியை வாங்கியவர்கள் முதல் முறை செய்வது பெரும்பாலும் ஒன்றுதான். கறையின் மேல் பொடியைத் தூவி, குழாய்த் தண்ணீரைத் தெளித்து, பிரஷால் அழுத்தித் தேய்த்து, இரண்டு நிமிடத்தில் அலசிவிடுகிறார்கள். கறை அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு, பொடி சரியில்லை என்று டப்பாவை அலமாரியின் அடியில் தள்ளிவிடுகிறார்கள். அந்தப் பொடி வேலை செய்வதற்குத் தேவையான சூடு, ஈரம், நேரம் ஆகிய மூன்றில் ஒன்றுகூட அதற்குக் கிடைக்கவில்லை என்பதே காரணம். பொடியைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்கி, மீந்துபோன கரைசலைக் கொட்டுவது வரை, எதை எதற்கு முன் செய்ய வேண்டும், ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதை இங்கே வரிசையாக எழுதியிருக்கிறேன்.

1. டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள்

கடையில் வானிஷ் போன்ற பெயர்களில் கிடைக்கும் கறைநீக்கும் பொடிகளில் முக்கியமான பொருள் சோடியம் பெர்கார்பனேட். சேர்மானப் பட்டியலில் இந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். இது நீரில் கரையும்போது இரண்டாகப் பிரிகிறது: ஒன்று நாம் அறிந்த சலவைச் சோடா, மற்றொன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. சலவைச் சோடா அழுக்கையும் எண்ணெய்ப் பிசுக்கையும் இளக்குகிறது. பெராக்சைடு கறையின் நிறத்தை உடைக்கிறது. கரைசலில் எழும் சிறு குமிழிகள் ஆக்சிஜன் வாயு.

அதே பெயரில் விற்கப்படும் திரவம் வேறு பொருள். அதில் பெராக்சைடு ஏற்கெனவே நீர்த்த நிலையில் கலந்திருக்கும். சலவைச் சோடாவின் காரம் அதில் இருக்காது. கீழே சொல்லும் அளவுகள் அனைத்தும் பொடிக்கு மட்டுமே பொருந்தும். திரவம் வைத்திருப்பவர்கள் அதன் லேபிள் சொல்லும் அளவையே பின்பற்ற வேண்டும். பொடியிலும் நிறுவனத்துக்கு நிறுவனம் செறிவு மாறும் என்பதால், இங்கே உள்ள அளவுக்கும் லேபிளுக்கும் முரண்பாடு இருந்தால் லேபிளை நம்புங்கள்.

2. இது எந்தக் கறைக்கு உதவும், எதற்கு உதவாது

தொடங்கும் முன் கறை எதனால் ஆனது என்று தீர்மானிக்க வேண்டும். ஆக்சிஜன் பொடி செடி, உணவு, உடல் ஆகியவற்றிலிருந்து வரும் கறைகளுக்கானது. டீ, காபி, சாம்பார், பழச்சாறு, மஞ்சள், வியர்வை மஞ்சளிப்பு, இரத்தம், பூஞ்சைக் கருமை ஆகியவை இதில் அடங்கும்.

குழாயிலும் பக்கெட்டிலும் வெள்ளையாகப் படியும் உப்புக்கறைக்கு இது பயன்படாது. ஆழ்துளைக் கிணற்று நீரிலிருந்து படியும் அந்தப் படிவு பெரும்பாலும் கால்சியம் கார்பனேட். அதைக் கரைக்க எலுமிச்சைச் சாறு, வினிகர், சிட்ரிக் அமிலம் போன்ற புளிப்பு வேண்டும். காரப் பொடியை அதன் மேல் எத்தனை மணி நேரம் வைத்தாலும் பலன் இல்லை. பலர் இந்த ஒரு கறையில் முயன்று பார்த்துவிட்டுத்தான் பொடியை ஒதுக்கிவிடுகிறார்கள்.

துருக்கறைக்கும் இதே கதி. அதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: இரும்பு, பெராக்சைடை ஒரே இடத்தில் மிக வேகமாகச் சிதைக்கும் என்பதால், துரு படிந்த துணியை இந்தக் கரைசலில் ஊறவைத்தால் அந்த இடத்தில் நூல் நைந்து ஓட்டை விழக்கூடும். துருவை முதலில் சிட்ரிக் அமிலத்தால் நீக்கி, நன்றாக அலசி, அதன் பிறகே மற்ற கறைகளைக் கவனிக்க வேண்டும்.

பால்பாயிண்ட் பேனா மை, பெயிண்ட், கிரீஸ், நகப்பூச்சு ஆகியவையும் இதன் எல்லைக்கு வெளியே உள்ளவை.

3. எந்தப் பொருளின் மேல் படக்கூடாது

பட்டும் கம்பளியும் விலங்கிலிருந்து வரும் புரத நார்கள். காரம் அவற்றை அரிக்கும். சில பொடிகளில் கலந்திருக்கும் நொதிகளும் அதே புரதத்தைத்தான் தாக்கும். ஆகவே பட்டுப்புடவையில் ஒரு சொட்டுச் சாம்பார் விழுந்தாலும் இந்தப் பொடியை அதன் அருகில் கொண்டுபோக வேண்டாம். ஜரிகை வைத்த வேட்டிக்கும் இது பொருந்தும். உடல்பகுதி பருத்தியாக இருந்தாலும் கரையின் உலோக இழை மங்கிப் போகும். கறை பட்ட இடத்தை மட்டும் கரைசலில் நனைத்து, கரைப் பகுதியை வெளியே மடித்து வைப்பதே அதற்கு வழி.

அலுமினியப் பாத்திரங்களும் குக்கர்களும் காரத்தில் கறுத்துப்போகும். பித்தளையும் செம்பும் நிறம் மாறும். அவை பெராக்சைடை வீணாகச் சிதைக்கவும் செய்யும். அலுமினிய அண்டாவில் கரைசல் கலப்பது பரவலாக நடக்கும் தவறு. பிளாஸ்டிக் வாளியையோ எவர்சில்வர் பாத்திரத்தையோ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தோல் பொருட்கள், வார்னிஷ் பூசிய மரம், நான்-ஸ்டிக் பூச்சு ஆகியவற்றையும் விலக்கிவிட வேண்டும்.

சாயத் துணிகளில் சோதனை செய்யாமல் இறங்கக்கூடாது. சுங்குடி, கைத்தறி, இயற்கைச் சாயம் ஏற்றிய துணி ஆகியவை வெறும் நீரிலேயே சாயம் விடக்கூடியவை. மடிப்பின் உட்புறத்தில், கண்ணில் படாத இடத்தில் கரைசலின் சில சொட்டுகளை விட்டுப் பத்து நிமிடம் காத்திருந்து, வெள்ளைத் துணியால் அழுத்தி ஒற்றுங்கள். வெள்ளைத் துணியில் நிறம் ஏறினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

4. எதனுடன் கலக்கக்கூடாது

இந்தப் பொடி பாதுகாப்பானது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. தனியாகப் பயன்படுத்தும்போது அது பெரும்பாலும் சரி. குளியலறையில் ஏற்கெனவே வேறு ஏதாவது ஊற்றியிருக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

கழிவறைக்கு ஊற்றும் அமிலத் திரவங்களுடன் சேர்த்தால், சலவைச் சோடா பொங்கி வாயுவைக் கக்கும். ஹைட்ரோகுளோரிக் அமிலம் உள்ள திரவமானால் பெராக்சைடு அதிலிருந்து நச்சான குளோரினையும் வெளியேற்றக்கூடும். பிளீச்சிங் பவுடர் அல்லது குளோரின் பிளீச் திரவத்துடன் சேர்த்தால் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஆக்சிஜனைப் பெருமளவில் வெளிவிடும். கரைசல் தெறிக்கும், கறையும் போகாது. வினிகருடன் சேர்த்தால் காரம் வீணாகும். கண்ணையும் மூச்சையும் எரிக்கும் பெர்அசிட்டிக் அமிலமும் சிறிதளவு உருவாகக்கூடும்.

ஒரே நாளில் உப்புக்கறையையும் பூஞ்சையையும் சுத்தம் செய்ய நினைப்பவர்கள், ஒன்றை முடித்து, தாராளமாகத் தண்ணீர் விட்டுக் கழுவி, தரை காய்ந்த பிறகே அடுத்ததைத் தொடங்க வேண்டும். என்னைக் கேட்டால், இரண்டையும் வெவ்வேறு நாட்களில் வைத்துக்கொள்வதே நல்லது.

5. கைக்கெட்டும் இடத்தில் வைக்க வேண்டியவை

ரப்பர் கையுறை, பிளாஸ்டிக் வாளி, பொடிக்கென்றே தனியாக ஓர் உலர்ந்த கரண்டி, பழைய பல் துலக்கி, வெள்ளைப் பருத்தித் துணி இரண்டு மூன்று, கொதிக்கவைத்த தண்ணீர், பாத்திரம் துலக்கும் திரவம், மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஆகியவற்றை முன்னதாகவே எடுத்து வையுங்கள். கரைசல் கலந்த நொடியிலிருந்தே அதன் வலிமை குறையத் தொடங்குகிறது. கலந்த பிறகு பிரஷைத் தேடிப் போனால் அந்த நேரம் வீண்.

கையுறையைத் தவிர்க்க வேண்டாம். ஒருமுறை கை வைத்தால் ஒன்றும் ஆகாது என்றாலும், காரம் தோலின் எண்ணெயை உறிஞ்சி வறண்டு வெடிக்கச் செய்யும். பொடியைக் கொட்டும்போது முகத்தைச் சற்று விலக்கிக்கொள்ளுங்கள். அதன் தூசி மூக்கிலும் தொண்டையிலும் எரியும். பொடியோ கரைசலோ கண்ணில் பட்டால் கடுமையான காயம் ஏற்படலாம். உடனே இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் பதினைந்து நிமிடமாவது கழுவிவிட்டு மருத்துவரிடம் செல்ல வேண்டும். குழந்தை விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காமல், வாயைக் கழுவிவிட்டு, டப்பாவையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

6. நீரின் சூடும் பொடியின் அளவும்

பொடியைப் பயன்படுத்துவதில் பாதி வெற்றி இந்தப் படியில்தான் இருக்கிறது. குளிர்ந்த நீரில் இது மெதுவாகக் கரைந்து, மெதுவாகவே வேலை செய்யும். 40 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் வேகம் பன்மடங்கு கூடுகிறது. கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் ஆக்சிஜன் முழுவதும் சில நிமிடங்களில் வெளியேறிவிடும். கறைக்குள் இறங்க அதற்கு நேரமே இருக்காது. நுரை பொங்குவதைப் பார்த்து நன்றாக வேலை செய்கிறது என்று மகிழ்வோம், ஆனால் அந்த நுரை காற்றில் போகும் வலிமைதான்.

வெப்பமானி தேவையில்லை. நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் ஏறத்தாழ 30 டிகிரியில் இருக்கும். கொதித்த தண்ணீர் ஒரு பங்குக்குக் குழாய்த் தண்ணீர் இரண்டு பங்கு சேர்த்தால் ஏறக்குறைய 50 டிகிரி கிடைக்கும். முதலில் நீரைக் கலந்து, பிறகு பொடியைப் போட்டு, முழுவதும் கரையும்வரை கலக்குங்கள். கரையாத துகள் துணியில் ஒட்டினால் அந்தப் புள்ளி மட்டும் வெளுத்துவிடும்.

துணி ஊறவைக்க ஒரு லிட்டர் நீருக்கு அரை மேசைக்கரண்டி போதும். தரை, டைல்ஸ், பாத்திரம் போன்ற கடினமான பரப்புகளுக்கு ஒரு லிட்டருக்கு ஒரு மேசைக்கரண்டி, அதாவது ஏறத்தாழ 15 கிராம். இதற்கு மேல் கூட்டினால் பலன் கூடுவதில்லை. உப்பு நீர் உள்ள ஊர்களில் அதிகப் பொடி வேறொரு தொல்லையையும் தரும்: நீரிலுள்ள கால்சியம் சலவைச் சோடாவுடன் சேர்ந்து வெள்ளைப் படலமாகப் படிந்து, கறுப்புத் துணியில் சாம்பல் பூத்ததுபோல் தெரியும். அப்படிப்பட்ட ஊரில் இருப்பவர்கள் குடிநீரையோ மழைநீரையோ கொஞ்சம் ஒதுக்கிக் கரைசல் கலந்தால் வித்தியாசம் கண்கூடாகத் தெரியும்.

7. துணியில் பட்ட கறை

முதலில் மேலே ஒட்டியிருப்பதை எடுங்கள். சாம்பார்ப் பருப்பையோ சட்னியையோ கரண்டியின் விளிம்பால் வழித்து எடுக்க வேண்டும். துணியால் துடைத்தால் அது நூலுக்குள் இறங்கும். கறையின் பின்புறத்திலிருந்து குழாய் நீரைப் பாய்ச்சினால், வந்த வழியாகவே கறை வெளியேறும்.

அடுத்து எண்ணெய். தாளிப்பில் எண்ணெய் இல்லாத குழம்பு கிடையாது. எண்ணெய்ப் படலம் நூலைச் சுற்றி இருக்கும்வரை கரைசல் நிறத்தைத் தொடாது. பாத்திரம் துலக்கும் திரவத்தில் இரண்டு சொட்டு விட்டு, விரலால் மெல்லத் தடவி, ஐந்து நிமிடம் விட்டு அலசுங்கள். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்களே அதிகம்.

இரத்தம், பால், முட்டை ஆகியவை விதிவிலக்கு. இவை புரதம் என்பதால் வெந்நீர் பட்டவுடன் உறைந்து நூலோடு பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த நீரில் நிறம் இறங்குவது நிற்கும்வரை அலசிய பிறகுதான் வெதுவெதுப்பான கரைசலுக்குப் போக வேண்டும்.

பிறகு ஊறவைத்தல். துணி முழுவதும் கரைசலுக்குள் மூழ்கியிருக்க வேண்டும்; மேலே மிதக்கும் பகுதியில் கறை அப்படியே நிற்கும். ஒரு தட்டைக் கவிழ்த்து அதன்மேல் பாரம் வைக்கலாம், ஆனால் வாளியை இறுக்கி மூட வேண்டாம். வெள்ளைப் பருத்திக்கு ஆறு மணி நேரம் வரை விடலாம். சோதனையில் தேறிய சாயத் துணிக்கு ஒரு மணி நேரமே மேல்வரம்பு. உலோகப் பட்டன், ஜிப், ஊக்கு ஆகியவற்றைக் கழற்ற முடிந்தால் கழற்றுங்கள்; முடியாவிட்டால் அந்தப் பகுதியை வெளியே தொங்கவிடுங்கள். ஆறு மணி நேரத்துக்கு மேல் ஊறவிடுவதில் பயனில்லை, ஏனெனில் அதற்குள் பெராக்சைடு பெரும்பாலும் தீர்ந்துவிட்டிருக்கும். கறை மிச்சமிருந்தால் பழைய கரைசலைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குவதே வழி.

மஞ்சள் கறையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் நம் வீடுகளில் மிகுந்த குழப்பம் அதில்தான் வருகிறது. சாம்பார் பட்ட வெள்ளைச் சட்டையைக் கரைசலில் வைத்தவுடன் மஞ்சள் மறைந்து செங்கல் நிறத்தில் ஒரு திட்டுத் தோன்றும். துணி கெட்டுவிட்டதென்று பதறி உடனே வெளியே எடுத்து, எலுமிச்சை பிழிந்து தேய்ப்பார்கள். சிவப்பு மறைந்து மீண்டும் மஞ்சளாகும். எலுமிச்சை வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். உண்மையில் மஞ்சளிலுள்ள குர்குமின் காரத்தில் சிவக்கும், புளிப்பில் மஞ்சளாகும். இரண்டு நிறத்திலும் அது துணியில்தான் இருக்கிறது. சலவைக் கட்டி பட்டாலும் சிவப்பது இதனால்தான்.

ஆகவே சிவந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சிவப்பு அடர்த்தியாகவே தெரியும். பிறகு திட்டின் விளிம்பு முதலில் வெளிறி, நடுப்பகுதி செம்பழுப்பாகி, சில மணி நேரத்தில் வைக்கோல் நிறத்துக்கு வரும். அந்த நிலையில் எடுத்து நன்றாக அலசி, ஈரத்தோடு நேர் வெயிலில் விரித்துப் போடுங்கள். குர்குமின் ஒளியில் சிதையும் பொருள். காலையில் வைக்கோல் நிறத்தில் தொங்கவிட்ட இடம் மாலையில் பெரும்பாலும் வெண்மையாகிவிடும். சாயத் துணியாக இருந்தால் வெயில் அதன் நிறத்தையும் சேர்த்தே வெளுக்கும் என்பதால், கறை உள்ள பக்கத்தை மட்டும் குறைந்த நேரம் காட்டுங்கள்.

எந்தக் கறையானாலும் அது முழுமையாகப் போகும்வரை இஸ்திரி போடக்கூடாது, மின் உலர்த்தியில் போடவும் கூடாது. அந்தச் சூட்டில் மிச்சக் கறை இறுகிவிடும். அதன் பிறகு எந்தப் பொடியாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. பொடி ஊறிய துணியை அலசாமல் காயவிடுவதும் தவறு. நீர் ஆவியாக ஆக, நூலில் காரத்தின் செறிவு ஏறிக்கொண்டே போகும்.

8. ஃபிளாஸ்க், டீ கப், டிபன் பாக்ஸ்

பழுப்பேறிய எவர்சில்வர் ஃபிளாஸ்க்தான் இந்தப் பொடியைப் புதிதாக வாங்கியவர்கள் முதலில் முயல வேண்டிய இடம். பிரஷ் நுழையாத கழுத்தும், பல மாத டீக்கறையும் இருந்தாலும் கை படாமலே சுத்தமாகும். ஒரு தேக்கரண்டிப் பொடியைப் போட்டு, மேலே சொன்ன சூட்டில் நீரை விளிம்புக்கு இரண்டு விரற்கடை குறைவாக நிரப்பி, ஒரு மணி நேரம் விடுங்கள். கறை செதில் செதிலாகக் கழன்று நீர் டீ நிறமாகும்.

மூடியைப் போடக்கூடாது. உள்ளே உருவாகும் ஆக்சிஜனுக்கு வெளியேற வழியில்லாமல் அழுத்தம் ஏறும். திறக்கும்போது மூடி தெறித்து, காரக் கரைசல் முகத்தில் அடிக்கும். மூடியையும் ரப்பர் வளையத்தையும் தனியே ஒரு கிண்ணத்தில் அரை மணி நேரம் ஊறவைத்தால் போதும். பிறகு மூன்று நான்கு முறை நல்ல தண்ணீரில் அலசுங்கள். விரலால் உட்சுவரைத் தொட்டால் வழவழப்பு இருக்கக்கூடாது. வழவழப்பு இருந்தால் காரம் இன்னும் இருக்கிறது என்று பொருள்.

பீங்கான், கண்ணாடி டம்ளர்களுக்கும் இதே முறைதான். வாங்கும்போதிருந்த வெண்மையை இழந்து சாம்பார் நிறமேறிய பிளாஸ்டிக் டிபன் பாக்ஸுக்குப் பொறுமை வேண்டும். எண்ணெயோடு சேர்ந்து மஞ்சள் பிளாஸ்டிக்குக்குள்ளேயே இறங்கியிருக்கும். திரவ சோப்பு, கரைசலில் சில மணி நேரம், கழுவி வெயிலில் ஒரு நாள் என்ற வரிசையில் செய்தால் பெரும்பகுதி போகும். அலுமினிய டிபன் பாக்ஸை இதில் சேர்க்க வேண்டாம்.

9. டைல்ஸ் இடுக்கில் படிந்த கருமை

குளியலறைத் தரையிலும் சுவரிலும் டைல்ஸ்களுக்கு இடையிலுள்ள சிமெண்டுக் கோடு நுண்துளைகள் நிறைந்தது. சோப்புப் பிசுக்கு அதில் படிய, அதைத் தின்று பூஞ்சை வளர, கோடு கறுக்கிறது. இரும்புக் கம்பி பிரஷால் சுரண்டினால் அன்றைக்கு வெளுப்பாகத் தெரியும். ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பாகி, அடுத்த முறை அழுக்கு இன்னும் எளிதாகப் பிடிக்கும்.

முதலில் சாதாரணத் தரைத் திரவத்தால் கழுவிச் சோப்புப் படலத்தை நீக்கி, தண்ணீரை வழித்துத் தள்ளிவிடுங்கள். தேங்கிய நீர் கரைசலை நீர்த்துப்போகச் செய்யும். கதவையும் சன்னலையும் திறந்து வையுங்கள்.

தரைக்குக் கரைசலை இடுக்கு நிரம்பும்படி ஊற்றி, முப்பது நிமிடம் விடலாம். சுவரில் வழிந்துவிடும் என்பதால், பொடியில் வெதுவெதுப்பான நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்து, பல் துலக்கியால் கோட்டின் மேல் பூசுங்கள். பூசியதும் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். பொடி ஈரமாக இருக்கும்வரைதான் வேலை செய்யும். விசிறிக் காற்றில் பத்து நிமிடத்தில் காய்ந்த பூச்சு வெறும் வெள்ளைப் பொருக்கு. குழைத்ததை அப்போதே பயன்படுத்துங்கள், கிண்ணத்தில் மூடி வைக்காதீர்கள்.

நேரம் முடிந்ததும் மெல்லத் தேய்த்து, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். ஈரமான கோடு எப்போதும் கருத்தே தெரியும். காய்ந்த பிறகே தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஈரத்தில் பார்த்துவிட்டு ஒரே நாளில் மூன்று முறை பூசுபவர்கள் பொடியைத்தான் வீணாக்குகிறார்கள். கோட்டுக்கு வண்ணப் பூச்சு அடித்திருந்தால் ஒரு மூலையில் சோதித்துப் பாருங்கள். வாஷ்பேசின் ஓரத்திலுள்ள சிலிக்கான் பட்டைக்குள் வேரோடிய கருமை இதனால் முழுதும் போகாது. பட்டையை மாற்றுவதே தீர்வு.

10. சலவை இயந்திரமும் மற்ற சில இடங்களும்

துணியில் ஈர வாடை வந்தால் இயந்திரத்தின் உருளையைக் கழுவ வேண்டும். உள்ளே துணி இல்லாமல், நான்கு மேசைக்கரண்டிப் பொடியை நேரடியாக உருளையில் போட்டு, கிடைக்கும் அதிகபட்ச வெந்நீர்ச் சுற்றை ஓட்டுங்கள். வெந்நீர் வசதி இல்லாத மேல்திறப்பு இயந்திரமானால், பொறுக்கும் சூட்டில் நீரை வெளியிலிருந்து ஊற்றி, சுற்றைத் தொடங்கிச் சில நிமிடங்களில் நிறுத்தி, ஒரு மணி நேரம் ஊறவிட்டுத் தொடருங்கள். முடிவில் வெறும் நீரில் மீண்டும் ஒரு சுற்று. முன்திறப்பு இயந்திரத்தின் கதவு ரப்பர் மடிப்பைக் கையால் விரித்துத் துடைக்க வேண்டும், அழுக்கு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

குளிர்பதனப் பெட்டியின் கதவு ரப்பருக்குக் கரைசலில் நனைத்துப் பிழிந்த துணியும், பிறகு நல்ல நீரில் நனைத்த துணியும் போதும். பழுப்பேறிய வெள்ளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் கரைசலைத் தடவி, காய விடாமல் இருபது நிமிடம் வைத்துத் தேய்த்துக் கழுவலாம். அழுக்கு போகும், ஆனால் வெயிலில் மஞ்சளித்த பிளாஸ்டிக் பழைய நிறத்துக்கு வராது.

11. மெத்தையும் சோபாவும்

இவற்றை அலச முடியாது என்பதே இங்குள்ள ஒரே சிக்கல். மற்ற எல்லா எச்சரிக்கையும் அதிலிருந்துதான் வருகிறது. கரைசலை ஊற்றவே கூடாது. பஞ்சுக்குள் இறங்கிய நீர் காயாமல் பூஞ்சை பிடிக்கும்.

குழந்தையின் சிறுநீர் பட்டிருந்தால், முதலில் உலர்ந்த துணியால் அழுத்தி அழுத்தி ஈரத்தை உறிஞ்சுங்கள். பிறகு குளிர்ந்த நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை ஒற்றி எடுங்கள். அதன் பிறகே கரைசலில் நனைத்து நன்றாகப் பிழிந்த வெள்ளைத் துணியைக் கறையின் மேல் விரித்து, பதினைந்து நிமிடம் வையுங்கள். எடுத்த பின், நல்ல நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் மூன்று நான்கு முறை ஒற்ற வேண்டும். இது சலிப்பான வேலைதான். ஆனால் காரம் துணியிலேயே தங்கினால் அந்த இடம் பிசுபிசுத்து, புதிய அழுக்கை இழுத்துப் பழைய கறையைவிடப் பெரிய வட்டமாகும். கறையின் வெளிவிளிம்பிலிருந்து உள்நோக்கி ஒற்றுவதும் இதே காரணத்துக்காகத்தான்.

மின்விசிறியின் அடியிலோ வெயிலிலோ முழுமையாகக் காய்ந்த பிறகே விரிப்பைப் போடுங்கள்.

12. கறை போகவில்லை என்றால்

முதலில் பொடியைச் சோதியுங்கள். ஒரு கண்ணாடி டம்ளரில் வெதுவெதுப்பான நீர் எடுத்து ஒரு தேக்கரண்டிப் பொடியைப் போட்டால், சில நிமிடங்களில் சிறு குமிழிகள் அடியிலிருந்து தொடர்ந்து எழ வேண்டும். குமிழியே இல்லாவிட்டால் பொடி ஈரம்பட்டு வலிமை இழந்திருக்கிறது. அதில் மிஞ்சியிருப்பது சலவைச் சோடா மட்டுமே. அதைத் தரை கழுவப் பயன்படுத்திக்கொள்ளலாம்.

பொடி நன்றாக இருந்தால், எண்ணெய் நீக்கும் படி விடுபட்டதா, நீர் ஆறியிருந்ததா, கறை பட்ட இடம் மிதந்ததா என்று பாருங்கள். மூன்றும் சரியாக இருந்தும் ஓரளவு மட்டும் வெளிறியிருந்தால் புதுக் கரைசலில் மறுபடியும் ஊறவைக்கலாம். இரண்டாம் முறையும் கொஞ்சமும் அசையாத கறை, பெரும்பாலும் இந்தப் பொடிக்குரிய கறையே அல்ல. வெகுநாள் பட்ட வாழைக்கறை அப்படிப்பட்டது. மங்கும், முழுவதும் போகும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காக அளவைக் கூட்டிக்கொண்டே போனால் கறைக்கு முன் துணிதான் நையும்.

13. மீந்த கரைசலும் பொடியின் சேமிப்பும்

கலந்த கரைசலை அன்றே கொட்டிவிட வேண்டும். நாளைக்கு உதவும் என்று தண்ணீர்ப் பாட்டிலிலோ ஸ்பிரே பாட்டிலிலோ ஊற்றி மூடி வைத்தால், ஆக்சிஜன் அழுத்தத்தில் பாட்டில் உப்பி வெடிக்கலாம். அடுத்த நாள் அதில் வலிமையும் இருக்காது. தண்ணீர்ப் பாட்டில் என்றால் யாராவது எடுத்துக் குடித்துவிடும் அபாயமும் உண்டு. வீட்டுக் கழிவுநீர்க் குழாயிலேயே நிறையத் தண்ணீருடன் விட்டுவிடலாம். செடிகளுக்கு ஊற்ற வேண்டாம். சலவைச் சோடா மண்ணைக் களராக்கும்.

பொடியை அது வந்த டப்பாவிலேயே, அடுப்பிலிருந்தும் குளியலறை ஈரத்திலிருந்தும் தள்ளி, குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ஈரக் கரண்டியை உள்ளே விட்டால், அந்த ஈரத்திலேயே பொடி சிதையத் தொடங்கிக் கட்டி தட்டும். சிதையும்போது சூடும் வாயுவும் உண்டாகும் என்பதால், ஈரமான பொடியை மீண்டும் டப்பாவில் போட்டு மூடக்கூடாது. தரையில் சிந்தியதையும் அள்ளி உள்ளே போடாமல், தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள். பொடி எரியாது; ஆனால் ஆக்சிஜனை வெளிவிடுவதால், எரியும் பொருளுக்கு அது துணை போகும். காகிதம், மரத்தூள், மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அருகில் அதை வைக்காமல் இருப்பது இதனால்தான்.